கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

கால் வீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் நலம்தான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உலைக்கு முன்னால் குனிந்தே நிற்காதே என்று நான் எழுத, நீ அதை மடித்து வைத்துவிட்டுக் குனிந்தே நிற்பாய். இருந்தாலும் எழுதுவது என் கடமை.

என்னை அவசரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பிரசவ வார்டில் எல்லாரும் அழுதுகொண்டே வந்து சிரித்துக்கொண்டே போவார்கள். இங்கே அப்படியே தலைகீழ். போன வாரம் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விலாவில் கத்தி. உரமான உடம்பு, பிழைத்துக்கொண்டார். கத்தியை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் உறையில் போட்டுப் போலீசிடம் ஒப்படைப்பது என் வேலை. ஒப்படைக்கும் முன்னால் உறையோடு அதை ஒரு தாள்மேல் வைத்துப் பென்சிலால் இரண்டு பக்கத்தையும் சுற்றி வரைந்து, அலகில் தெரிந்த கோடுகளையும் போட்டுக்கொண்டேன்.

அது கடையில் வாங்கியது இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்தது. கத்தி செய்கிறவனின் அக்காவுக்கு அந்த அளவாவது தெரியாதா? படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு யார் செய்திருப்பார்கள் என்று தோன்றினால் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான். போனில் கேட்கலாமென்றால் வார்டு போனுக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வலிக்கவில்லை. இடுப்பு வலிக்கிறது. நீ சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து நின்றதால் வந்த வினை.

பட்டறையில் புது வகுப்பு தொடங்கிவிட்டது. எல்லாரும் பதினாறு, பதினேழு வயது. ஒரு பெண், கண்ணாடிக்காரி என்று கூப்பிடுகிறோம், சம்மட்டியை எடுத்தால் மற்ற பயல்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். முதல் நாள் யாரையும் கத்தி தொட விடுவதில்லை. இரும்பு எந்த நிறத்தில் வளையும், எந்த நிறத்தில் பொடிந்து போகும் என்று உலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பயல், "சார், இதுக்கு வீட்டுலயே அடுப்பப் பாத்துட்டு இருப்பேனே" என்றான். அடுத்த நாளும் வந்துவிட்டான்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பென்சில் கோட்டில் என்ன தெரியும்? கத்தி செய்யத் தெரிந்த யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். பிடிக்குப் பக்கத்தில், அலகின் முதுகில் ஒரு பள்ளம் மாதிரி வரைந்திருக்கிறாயே, கத்தியிலேயே அப்படி இருந்ததா, இல்லை பென்சில் சறுக்கியதா?

மாப்பிள்ளை எப்படி இருக்கிறான்? போன வருஷம் என்னிடம் வந்து தொழில் பழகிவிட்டுப் போன பிறகு ஒரு வார்த்தை எழுதவில்லை. நீயும் கிடங்கு, விலா, உறை என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

உன் தம்பி


பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பேர் லீவு, அவர்கள் வேலையும் என் தலையில்தான்.

உன் மாப்பிள்ளை நன்றாக இருக்கிறான். எழுத விட்டுப்போயிற்று, வேறு ஒன்றுமில்லை. பைக் ரிப்பேர் கடைக்குப் போகிறான், வருகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். முன்னெல்லாம் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பானே, இப்போது சிநேகிதர்கள் வருகிறார்கள். வீடு கலகலப்பாக இருக்கிறது.

பென்சில் சறுக்கவில்லை. பள்ளம் இருந்தது.

உன்னிடம் தொழில் விஷயமாக ஒன்று கேட்க வேண்டும். ஒரு கத்தியை வைத்துக்கொண்டு அதைச் செய்தது இன்னார் என்று போலீசால் கண்டுபிடிக்க முடியுமா? போலீஸ் உன்னை மாதிரி ஒருவரிடம் காட்டினால் அவருக்குத் தெரிந்துவிடுமா? அந்தப் பள்ளத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டால் அப்புறமும் தெரியுமா? வார்டில் பேச்சு வந்தது, அதனால் கேட்கிறேன்.

தைலம் தேய்த்துக்கொள். இடுப்புக்கும்தான்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடு.

வார்டில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அரத்தால் ராவினால் தெரியுமா என்று கேட்கிறவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது.

போன கடிதத்தில் நான் உண்மையை எழுதவில்லை. பென்சில் கோட்டில் இரண்டு விஷயம் தெரிந்தது. சாணையில் இடப்பக்கத்தைத் தீட்டும்போது என் மணிக்கட்டு கொஞ்சம் மேலே ஏறும். அதனால் நான் செய்யும் கத்தியில் அந்தப் பக்கம் தீட்டிய கோடு பிடியை நெருங்கும்போது ஏறிப்போகும். என்னைப் பார்த்துப் பழகுகிற எல்லாருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். திருத்தப் பார்க்கிறேன், முடியவில்லை. நீ அந்தக் கோட்டையும் வரைந்திருக்கிறாய். ஆனால் அந்தப் பள்ளம் என்னுடையது இல்லை. கட்டைவிரல் வழுக்காமல் அழுத்த வசதியாக இருக்கும் என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தது. "பூசணிக்கா வெட்டுறப்ப கை வழுக்குது மாமா, இங்க ஒரு பள்ளம் போட்டா என்ன?" என்று கேட்டான். எல்லார் முன்னாலும் அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

கிடங்குக்காரருக்குக் குத்து விழுந்த அன்று அவன் எங்கே இருந்தான்? அவனிடமே நேராகக் கேள். கேட்டுவிட்டு உடனே எழுது.

தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் என் கைக்கு வரும்போது பிரித்து ஒட்டியிருந்தது. இனிமேல் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுது, வார்டு பெயரையும் போட்டுவிடு.

நான் கேட்பதற்கு முன்னால் அவனே பேச்சை எடுத்தான். சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஒருத்தன் கேட்டான்மா, செஞ்சு குடுத்தேன். அவன் அத வச்சு காய் நறுக்குவானா வேற என்ன பண்ணுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? மாமாகிட்ட கத்தி வாங்குறவங்களையெல்லாம் மாமா பின்னாடியே போய்ப் பாக்குறாரா?" என்றான். குரல் உயரவே இல்லை. மோர் கேட்டான், ஊற்றினேன்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லையா?

நேற்று இன்னொரு கத்தி வந்தது. தொடையில். அதே கிடங்கைச் சேர்ந்த ஆள். வரைந்து இத்துடன் அனுப்புகிறேன். நீ வேறு எதுவும் எழுத வேண்டாம். இது அவன் செய்தது இல்லை என்று மட்டும் எழுது. எனக்கு அது போதும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

இது அவன் செய்தது இல்லை.

இதைப் படித்து நீ நிம்மதியாக மூச்சுவிடுவாய். அதற்குள் மிச்சத்தையும் படித்துவிடு.

இதில் வலப்பக்கத்துக் கோடுதான் ஏறியிருக்கிறது. செய்தவன் இடதுகைக்காரன். என் கைப்பழக்கத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறான். அலகு தடிமன், நுனியில் சில்லு தெறித்திருக்கிறது, பிடி கோணல். கற்றுக்கொள்கிறவன் செய்யும் இரண்டாவது, மூன்றாவது கத்தி இப்படித்தான் வரும். ஆனால் கட்டைவிரல் பள்ளம் மட்டும் சரியான இடத்தில், சரியான ஆழத்தில் இருக்கிறது. பக்கத்தில் நின்று யாரோ கைபிடித்துப் போட வைத்த பள்ளம் அது. நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

இந்த இடதுகைக்காரன் என்னிடம் வந்ததே இல்லை. அப்படியானால் என் கை அவனுக்கு எப்படிப் போயிற்று?

மாப்பிள்ளை யாருக்கோ ஒரு கத்தி செய்து கொடுத்தான் என்பதோடு இது முடியவில்லை அக்கா. அவன் வகுப்பு நடத்துகிறான்.

உன் வீட்டுக்கு வருகிறவர்களில் இடதுகைக்காரன் யார்? இந்த வகுப்பு முடிந்ததும் புறப்பட்டு வருகிறேன்.

தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

நீ வராதே. காலில் விழுந்து கேட்கிறேன், வராதே.

நீ கேட்ட இடதுகைக்காரனை நொட்டாங்கை என்று கூப்பிடுவார்கள். பதினைந்து வயது இருக்கும். தாய் இல்லை. என்னைப் பெரியம்மா என்பான். தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே எல்லார் தட்டையும் கழுவி வைப்பான். அவன் செய்தது என்று நீ எழுதிய பிறகு அவனுக்குச் சோறு போடும்போது தட்டுக்கு வெளியே சிந்திவிடுகிறேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, உக்காருங்க, நான் போட்டுக்கறேன்" என்கிறான்.

பின்பக்கத்து அறையில்தான் எல்லாம். ஐந்தாறு பையன்கள். லாரி ஸ்பிரிங் பட்டை, சின்ன உலை, பைக் கடையிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர். ஒருநாள் கதவிடுக்கில் நின்று கேட்டேன். முதல் நாள் கத்தி தொடக் கூடாது என்று உன் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தான். நெருப்பின் நிறத்தைப் பார்க்கச் சொன்னான். ஒருவன் தப்பாகச் செய்ததும் திட்டவில்லை, மறுபடியும் காட்டினான். தம்பி, என் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்கும் என்று எனக்கே தெரியாது.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. உன்னிடம் அவனை அனுப்பியது தொழில் பழக மட்டும் இல்லை. அதற்கு முந்தின மாதம் கிடங்கு ஆட்கள் கடைத்தெருவில் வைத்து அவனை முட்டிபோட வைத்தார்கள். வண்டியை நடுவழியில் நிறுத்தினானாம், அதற்கு. தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நாள் கண்மறைவாக இருக்கட்டும், கையில் ஒரு வேலை இருந்தால் மறந்துவிடுவான் என்று உன்னிடம் அனுப்பினேன்.

இப்போது நாலு பேர் அவனை மதிக்கிறார்கள். நான் போய்ப் போலீசில் என்ன சொல்வேன், சொல். உன்னிடம் வந்து யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. அப்பா போன பிறகு நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அக்கா


மே 9

அன்புள்ள மாமாவுக்கு மாப்பிள்ளை எழுதுவது.

இங்கு அம்மாவும் நானும் சுகம். உங்கள் இடுப்புவலி குறைந்ததா? அம்மாவுக்கு நீங்கள் எழுதும் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் பட்டறை ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு எழுதினாலும் கடைசியில் அம்மா அலமாரிக்குத்தானே வரும்.

நொட்டாங்கை செய்த கத்தியைப் பார்த்து, பிடி கோணல், நுனி தெறித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சரி. அதைப் படித்துக் காட்டினேன், பயலுக்கு ஒரே வெட்கம். பிடியைச் சரிசெய்துவிட்டோம். நுனிதான் பிடிபடவில்லை. எண்ணெயில் தோய்த்து எடுத்தால் அரம் ஏறாத அளவுக்கு இறுகுகிறது, ஆனால் எலும்பு மாதிரி கெட்டியான எதிலாவது பட்டால் தெறித்துவிடுகிறது. தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம், எந்த நிறம் வரும்வரை என்று சொல்வதற்குள் நான் ஊருக்குத் திரும்பவேண்டியதாகிவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான். இரண்டு வரி எழுதினால் போதும். நேரிலேயே வந்தால் பையன்கள் சந்தோஷப்படுவார்கள். உங்களைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் படம் வரைகிற வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நின்று நின்று கால் வீங்குகிறது. அம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டில் எந்நேரமும் யாராவது ஒரு பையன் இருக்கிறான்.

உங்கள் மாப்பிள்ளை


மே 15

மாப்பிள்ளை,

இடுப்பு பரவாயில்லை.

நுனி தெறிக்கட்டும்.

அம்மாவை என்னிடம் அனுப்பிவை. பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும்.

மாமா


ஜூன் 24

அக்கா,

நீ சௌக்கியமா? இதை நீதான் படிக்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை. முந்தின இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "டியூட்டில இருக்காங்க" என்று வைத்துவிடுகிறார்கள். டியூட்டியில் இருக்கிறாய் என்பதே எனக்கு இப்போது நல்ல செய்தி.

நேற்று பட்டறைக்குப் போலீஸ் வந்தது. சாதாரண உடையில் ஒருவர், நடுத்தர வயது, மரியாதையாகப் பேசினார். மூன்று போட்டோ வைத்திருந்தார். இரண்டு உன் படங்களில் பார்த்தது. மூன்றாவது எனக்குப் புதிது. அதில் நுனி தெறிக்கவில்லை. நான் சொல்லாமலே மாப்பிள்ளை வழி கண்டுபிடித்துவிட்டான்.

"இதுல ஏதாச்சும் உங்களுக்குத் தெரிஞ்ச கை மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

நீ கேட்டுக்கொண்டபடியே சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் போனதும் கண்ணாடிக்காரிதான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "சார், அந்தக் கோடு நம்ம கோடுதானே?"

"வேலையப் பாரு" என்றேன். அவள் தன் கத்தியை எடுத்துத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இன்று வரவில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன் அக்கா. ஒரு வரி எழுது.

தம்பி


செப்டம்பர் 17

தம்பி,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதங்கள் வந்தன. என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

போன திங்கட்கிழமை மத்தியானம் நொட்டாங்கையைக் கொண்டுவந்தார்கள். கிடங்குக்காரர்கள் யாரும் செய்யவில்லை. அவர்களோடு இருந்த சண்டை ஜூலையிலேயே ஓய்ந்துவிட்டது. ஆனால் ஆளுக்கொரு கத்தி செய்து இடுப்பில் வைத்திருக்கிறார்களே, அதற்கு ஏதாவது வேலை வேண்டாமா? இவர்களுக்குள்ளேயே வாய்த்தகராறு. எவன் முதலில் கற்றுக்கொண்டான், எவன் கத்தி நல்ல கத்தி என்று. என் வீட்டுப் பின்பக்கத்தில் ஆரம்பித்துத் தெருமுனையில் முடிந்திருக்கிறது.

நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "பெரியம்மா, சட்டை புதுசு, வெட்டிராதீங்க" என்றான். நான் வெட்டினேன். வெட்டாமல் எப்படிப் பார்ப்பது? டாக்டர் வருவதற்குள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இடது கையால்தான். டாக்டர் வந்தார். அதற்குள் அந்தப் பிடி விட்டுப்போயிருந்தது, அவருக்கு அங்கே வேலை இல்லை.

கத்தியை உறையில் போடுவது என் வேலை, போட்டேன். முதுகில் பள்ளம் இருந்தது. வரையவில்லை.

யூனிபாரத்தை மாற்றாமலே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்களை அழைத்துக்கொண்டு வந்து பின்பக்கத்துக் கதவை நானே திறந்துவிட்டேன். உள்ளே உன் மாப்பிள்ளை மட்டும் இருந்தான். தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். ஓடவில்லை, கையை ஓங்கவில்லை. போலீசைப் பார்த்தான், என் யூனிபாரத்தில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். அவனுக்குச் செய்தி தெரியும் போலிருக்கிறது. கையில் விலங்கு மாட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மா, நுனி உடைஞ்சுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஏன் பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டதும் அவன் முகம் தெளிந்தது தம்பி. பரீட்சை முடிவு பார்த்த பிள்ளை மாதிரி. நான் பெற்றவன் என்பதை அந்த நேரத்தில் மறக்கப் பார்த்தேன், முடியவில்லை.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதைக் கேட்காதே.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்கவில்லை. நீ சாப்பிடுகிறாய் என்று எழுதியதை நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். ஜூன் மாதம் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லிருந்தா அந்தப் பையன் இருந்திருப்பான்ல?" என்று மட்டும் கேட்டார். என்மேல் வழக்கு வருமாம். வரட்டும். இதில் பாதி உன் தலையில் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. சொன்ன வாய் என்னுடையது.

வகுப்பை மூடிவிட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏன் என்று நானே சொன்னேன். கண்ணாடிக்காரியின் வீட்டுக்கும் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டாள். அவள் செய்த கத்தியை நீட்டினேன். "வேணாம் சார்" என்றாள். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்திரிகையில் கத்தியைப் பெரிதாகப் படம்போட்டு, பட்டறையையும் எழுதிவிட்டார்கள். பெற்றவர்கள் கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் எறியவில்லை.

இன்று காலை கேட்டைத் திறந்தால் மூன்று பையன்கள் நின்றிருந்தார்கள். முன்பின் பார்த்ததில்லை, வேறு ஊர். ஒருவன் துண்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தான். பிரித்துக் காட்டினான். லாரி ஸ்பிரிங் பட்டை, நன்றாகத் துரு தேய்த்து, பளபளவென்று.

"அண்ணே, பேப்பர்ல வந்த கத்தி உங்ககிட்டப் பழகுனவரு செஞ்சதுதானே? எங்களுக்கும் சொல்லிக் குடுங்கண்ணே."

வகுப்பு இல்லை, இனி எப்போதும் இல்லை, போங்கள் என்றேன். கேட்டைச் சாத்தப் போனேன். அதில் சின்னவன், மீசை இன்னும் அரும்பவில்லை, கம்பி வழியாக மரியாதையாகக் கேட்டான்.

"அப்ப உங்ககிட்டப் படிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே. நாங்க அவங்ககிட்டப் போயிக்கறோம்."

கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகம் ஞாபகம் வருகிறது. யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஒருவரைப் பற்றியும் எனக்குத் தெரியவில்லை.

நீ லீவு போட்டுவிட்டு வா அக்கா. அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டாம். ரயில் ஸ்டேஷனுக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்கள் இரண்டு கடை தள்ளி, காயலான் கடைக்காரரிடம் அந்தப் பட்டையைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் கையை நீட்டித் தெருவின் அந்தக் கோடியைக் காட்டுகிறார்.

உன் தம்பி